சின்னதாக ஒரு கட்டை

காலையிலிருந்து வரிசை இரண்டு முறைதான் நகர்ந்தது. நகர்ந்த ஒவ்வொரு முறையும் ஒரு வண்டி நீளம்தான். பழைய இரும்பை உருக்கும் தொழிற்சாலை அது. உள்ளே காந்தக் கிரேன் ஒன்று படுத்துவிட்டதாம், மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

வாயிலுக்கு ஏறும் சாலை நல்ல சரிவு. லோடு ஏற்றிய லாரி அந்தச் சரிவில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிற்காது. நிறுத்தியதும் இறங்கி ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை சொருக வேண்டும், நகரும்போது எடுக்க வேண்டும். மற்ற வண்டிகளில் இது லோடுமேன் வேலை. ஒரு டிரைவர் மட்டும் தானே இறங்கிப் போடுவான். போட்ட பிறகும் மனசு கேட்காமல் திரும்பிப் போய்க் காலால் உதைத்துப் பார்ப்பான். அதனால் அந்த வரிசையில் அவனுக்குக் கட்டை என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது.

அன்றைக்கு அவன் உதைத்துப் பார்த்தது எத்தனை முறை என்று அவனுக்கே தெரியாது. டிரைவர்கள் ஒதுங்கும் தகரக் கொட்டகைக்கும் வண்டிக்கும் நடையாய் நடந்தான்.

"மாமா, கட்டை எங்கயும் ஓடிப் போயிடாது, வந்து உக்காருங்க" என்றான் மச்சான். மனைவியின் தம்பி. இவன் வண்டியிலேயே லோடுமேன். இரும்பு கிழித்த தழும்புகள் முழங்கை வரைக்கும் இருந்தன. லாரியை ஓட்டக் கற்றுக்கொள் என்று பல வருஷமாகச் சொல்லியும் கேட்காதவன். கேட்டிருந்தால் இன்றைக்கு ஸ்டியரிங்கை அவன் கையில் கொடுத்துவிட்டு இவன் ஏதாவது ஒரு காலி வண்டியில் தொற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். லோடை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனால் வேலையும் அதோடு போய்விடும்.

வீட்டுக்குப் போக வேண்டிய காரணம் விடியற்காலை பஸ். மனைவி அதில் ஏறப் போகிறாள். பக்கத்திலிருக்கும் தையல் கம்பெனி, வேறு ஊரில் புதிதாகத் திறக்கும் கிளைக்கு அவளைச் சூப்பர்வைசராகக் கேட்டிருந்தது. அங்கேயே தங்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம். கம்பெனியே பஸ் விடுகிறது.

போன் அடித்தது. அவள்தான்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. அங்க வெயிலா?"

"மண்டையைப் பொளக்குது. பைக்கு ஜிப்பு மாத்திட்டியா?"

"மாத்தியாச்சு."

"சரி."

அவள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. யோசிக்கும்போது அதன் சக்கரத்தைக் கையால் சும்மா உருட்டுவாள். அந்தச் சத்தம் வந்தது.

"இன்னிக்கு எறக்கிட மாட்டாங்கல்ல?" என்றாள்.

"தெரியல. பாத்துக்கலாம்."

"ம்."

வைத்துவிட்டாள். அவன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். வர மாட்டேனோ என்று வருத்தப்படுகிறாள், அதனால்தான் அப்படிக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"அக்காவா?"

"ஆமா."

"என்ன சொன்னீங்க?"

"பாத்துக்கலாம்னு சொன்னேன்."

மச்சான் காறித் துப்பினான். "ஒரு மாசமா அது கேக்குது, நான் போகட்டுமா, உங்களுக்கு என்ன தோணுதுன்னு. நீங்களும் ஒரு மாசமாப் பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க. போன்னு சொல்லுங்க, இல்ல போகாதன்னு சொல்லுங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நேர்ல போய்ப் பேசிக்கறேன்டா."

"நேர்ல போய் நீங்க என்ன பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? போன வருஷம் பாத்தேன்ல."

போன வருஷமும் இதே மாதிரி ஓர் இடம் வந்தது. அவள் பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். இவன் லோடு இறக்கிவிட்டுத் தூங்காமல் ஓட்டி வந்து சேர்ந்தான். போகாதே என்று சொல்லவில்லை. பையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் வாரைத் தைத்துக்கொடுத்தான். "பஸ்ஸுல கூட்டமா இருக்குமே" என்றான். "அங்க தண்ணி எப்படியோ" என்றான். அவ்வளவுதான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், உள்ளே தூக்கிக்கொண்டு போய்த் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். நான் தடுக்கவே இல்லையே என்று அதற்குப் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னது நிஜம் என்றே நம்பினான்.

"வழியனுப்பத்தாண்டா போறேன்" என்றான் இப்போது.

"நம்பிட்டேன்" என்றான் மச்சான்.

வாயில் குமாஸ்தா வெளியே வந்து கையைத் தட்டினான். "இன்னிக்கு ஷிப்டு முடியற ஹூட்டருக்குள்ள இன்னும் ஒரே ஒரு வண்டிதான். மத்தவங்க நாளைக்கு மத்தியானம்." சொல்லிவிட்டு யாரும் திட்டுவதற்குள் உள்ளே போய்விட்டான்.

அந்த வாயிலில் வண்டியைப் பார்க்க மாட்டார்கள், டோக்கனைத்தான் பார்ப்பார்கள். பித்தளை வில்லை, அதில் எண். எண் முன்னால் இருந்தால் அந்த வில்லையைக் கொண்டு வருகிறவன் உள்ளே போவான். ஆகவே காத்திருக்கும் நாட்களில் டோக்கன்களை வைத்துச் சீட்டாடுவது டிரைவர்களுக்குள் பழக்கம். ஆடக் கூப்பிட்டு வர மாட்டேன் என்றவனுக்கு அந்த வரிசையில் ஸ்பேனர்கூட யாரும் தர மாட்டார்கள். முன்னால் இருந்த டோக்கன் ரேடியோவிடம் இருந்தது. வாயை மூடாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். அவனுக்கு ஒரு அவசரமும் இல்லை. வீட்டில் இருப்பதைவிட வரிசையில் இருப்பதே அவனுக்குச் சொர்க்கம், அங்கே கேட்க ஆள் இருந்தது.

"போடலாமா? ஜெயிச்சவன் இன்னிக்கு உள்ள, தோத்தவனுங்க இங்க கொசுவுக்குச் சாப்பாடு" என்றான் ரேடியோ.

"போடு" என்றான் கட்டை. அவன் டோக்கன் ரேடியோவுக்கு அடுத்து இரண்டு எண் தள்ளி.

மூன்றாவதாக உட்கார்ந்தவன் சோடாபுட்டி. மூக்குக் கண்ணாடியின் கனத்தைப் பார்த்தால் இவனுக்கு லைசென்ஸ் கொடுத்தவன் இவனைவிடக் குருடன் என்று தோன்றும். அன்றைக்கு அவன் இடது கன்னம் வீங்கிப்போய்க் கிடந்தது. கடைவாய்ப் பல். துண்டைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டிருந்தான்.

"எனக்கு இன்னிக்கு உள்ள போயே ஆகணும்ப்பா. இதைப் புடுங்கலைன்னா என் மண்டையே வெடிச்சிடும்."

"நாங்களே புடுங்கிடவா? காந்தக் கிரேன் இருக்கு."

"சிரிக்க வைக்காதடா. வலிக்குது."

கவிழ்த்த கேபிள் உருளைதான் மேஜை. பணத்துக்குப் பதில் நட்டுகள், மூன்று பேருக்கும் சமமாக. நட்டு தீர்ந்தவன் எழுந்துகொள்ள வேண்டும். கடைசியில் இருப்பவனுக்கு முதல் டோக்கன்.

ஆட்டம் போக்கர். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியிருக்கும், நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக ஒவ்வொரு கட்டமாகத் திறக்கும். கட்டத்துக்குக் கட்டம் பந்தயம். ஐந்தாவது திறந்த பிறகு கடைசிப் பந்தயம். அதில்தான் ஆள் தேறுவதும் தொலைவதும். கை சுமாராக இருக்கும்போது முதலில் பேச வேண்டியவன் சும்மா இருந்தால், எதிராளி ஒரு குவியலைத் தள்ளிவிடுவான். பிறகு அதற்கு ஈடு வை, இல்லை சீட்டைப் போட்டுவிட்டுப் போ. அந்தச் சங்கடம் வராமலிருக்க அவன் குவியலைத் தள்ளுமுன் நாமே சின்னதாக இரண்டு மூன்று நட்டு வைத்துவிட வேண்டும். பெரும்பாலும் எதிராளி அந்தச் சின்னதற்கு ஈடு வைத்துச் சீட்டைக் காட்டிவிடுவான். ஜெயித்தாலும் தோற்றாலும் பெரிய சேதமில்லை. வண்டி மேலே ஏறாது, ஆனால் பின்னால் உருளாது. இதைக் கட்டை போடுவது என்றே அந்தக் கொட்டகையில் சொன்னார்கள். இதை எல்லாரையும்விட அதிகமாகச் செய்தவன் இவன். பெயருக்கு அது இரண்டாவது காரணம்.

ரேடியோ பேசிக்கொண்டே தோற்றான், தோற்றதையும் பேசினான். பிறகு தன் டோக்கனைக் கழற்றி நடுவில் வைத்துவிட்டுச் சீட்டுக் குலுக்குகிறவனாக மாறினான்.

மிச்சம் இருவர். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கட்டையின் வலது முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது, கேபிள் உருளையில் இடித்து நட்டுகள் குலுங்கின.

"காலை நிறுத்துடா. என் பல்லுல வந்து இடிக்குது."

ஒரு கை வந்தது. கட்டையிடம் ஒரு ஏஸும் ஒரு ஜாக்கியும். நடுவில் ஜாக்கி, ஒன்பது, நாலு, ரெண்டு திறந்திருந்தன. ஜோடி சேர்ந்துவிட்டது, நல்ல ஜோடிதான். ஐந்தாவதாக ஸ்பேடில் ஒரு எட்டு விழுந்தது. அதோடு நடுவில் ஸ்பேட் சீட்டுகள் மூன்றாகிவிட்டன. எதிராளி கையில் இரண்டு ஸ்பேட் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகி, இவன் ஜோடி குப்பைக்குப் போகும். முதலில் பேச வேண்டியவன் இவன். விரல்கள் பழக்கத்தில் மூன்று நட்டை நகர்த்தின.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துண்டின் நுனியில் துடைத்தான். "கட்டை போட்டுட்டான்யா" என்றான் ரேடியோவிடம். "எதுக்குக் கட்டை போடுவான்? வண்டி நிக்காதுன்னு பயந்தாத்தான்."

இரண்டு கையாலும் தன் குவியல் முழுவதையும் நடுவில் தள்ளினான்.

கட்டை தன் சீட்டைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான். ஈடு வைத்துத் தோற்றால் எழுந்துகொள்ள வேண்டியதுதான். விடியற்காலை பஸ் அவன் கண்ணுக்குள் புறப்பட்டுப் போனது. சீட்டைக் கவிழ்த்தான்.

சோடாபுட்டி தன்னுடையதைத் திருப்பிப் போட்டான். ஒரு அஞ்சு, ஒரு மூணு. ஸ்பேடும் இல்லை, ஒன்றுமில்லை.

ரேடியோ தொடையைத் தட்டிச் சிரித்தான். "ஜாக்கி வச்சிருந்தவன் ஓடிட்டான், அஞ்சு மூணு வச்சிருந்தவன் அள்ளிட்டான். கட்டைக்கே ஆப்பு."

மச்சான் பின்னாலிருந்து குனிந்து, "எப்பவும் இதேதான் மாமா" என்றான். காதோரம், மற்றவர்களுக்குக் கேட்காமல். அது சீட்டைப் பற்றி மட்டும் சொன்னதில்லை.

கட்டை எழுந்து வண்டிக்குப் போனான். மரக்கட்டையை உதைத்தான், அசையவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நட்டுகள் திரும்பி வந்தன. சோடாபுட்டியின் கன்னம் இன்னும் வீங்கியது. பேச்சு நின்று, சைகையால் ஆடினான். இரண்டு குவியலும் ஏறக்குறைய சமமான நேரத்தில் அந்தக் கை வந்தது.

நடுவில் இரண்டு பத்து, ஒரு ஆறு, ஒரு ராஜா. கட்டையிடம் ஏழும் எட்டும். ஒரு ஒன்பது வந்தால் ஆறிலிருந்து பத்துவரை வரிசை சேரும், அதை நம்பித்தான் இதுவரை ஒவ்வொரு கட்டத்திலும் ஈடு வைத்து வந்திருந்தான். நடுவில் நட்டு நிறையச் சேர்ந்துவிட்டது. ஐந்தாவது திறந்தது. ஏஸ். ஒன்றுக்கும் உதவாது.

இந்த முறை முதலில் பேச வேண்டியவன் சோடாபுட்டி. அவன் அந்த ஏஸைக் கொஞ்ச நேரம் பார்த்தான். துண்டை இழுத்துச் சரிசெய்தான். பிறகு நாலு நட்டை எண்ணாமல் எண்ணுவதுபோல நகர்த்தினான்.

கட்டையின் முழங்கால் நின்றுவிட்டது.

அவனுக்கு அந்த விரல்கள் தெரியும், அவன் விரல்களே அவை. ஒன்றுமில்லாதவன் இப்படி வைக்க மாட்டான், அவன் போட்டுவிட்டு எழுந்துவிடுவான் அல்லது பெரிதாகப் பொய் சொல்வான். பெரிய கை உள்ளவனும் இப்படி வைக்க மாட்டான். கையில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது அவனுக்குப் பிடித்திருக்கிறது, அதை யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் கடைசிவரை கொண்டுபோய்விட வேண்டும். பெரிதாகக் கேட்டால் விட்டுவிடுவான். விட்டுவிடத் தெரிந்தவன் மட்டும்தான் இப்படிக் கெஞ்சுவான். கட்டை போடுகிறவனை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் தள்ளினான். நட்டுகள் உருளையிலிருந்து கீழே சிதறின.

"ஆத்தாடி" என்றான் ரேடியோ, மெதுவாக.

சோடாபுட்டி வெகுநேரம் யோசித்தான். கண்ணாடியைக் கழற்றினான், மாட்டினான். "உன்கிட்ட ஏஸ் இருக்கு. நீ இல்லாம தள்ள மாட்டே" என்றான். பல்லைக் கடிக்க முடியாமல் பேசியதில் வார்த்தைகள் கூழாக வந்தன. "நீ எப்பவும் தள்ளுறவன் இல்ல." கையிலிருந்த ராஜாவை எல்லோரும் பார்க்கும்படி திருப்பிப் போட்டான். ராஜா ஜோடி, கூடவே நடுவிலிருந்த பத்து ஜோடி. நல்ல கை, ஆனாலும் ஈடு வைக்காமல் விட்டுவிட்டான். போட்டுவிட்டு அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை யாரோ எடுத்துவிட்டதுபோல இருந்தது அவன் முகம்.

கட்டை தன் சீட்டைக் காட்டவில்லை.

அதோடு சோடாபுட்டிக்கு ஆட்டம் விட்டுப்போயிற்று. அடுத்து வந்த கைகளில் பார்க்காமலே தள்ளினான், வலியில் தாடையைப் பிடித்துக்கொண்டு தோற்றான். ரேடியோ முதல் டோக்கனை எடுத்துக் கட்டையின் கையில் திணித்தான். "போய் வண்டியை எடு. ஹூட்டருக்கு இன்னும் கொஞ்சந்தான் இருக்கு."

மச்சான் ஏற்கனவே மரக்கட்டையை எடுக்கத் தயாராகப் பின்சக்கரத்துக்கு ஓடிவிட்டான்.

போன் அடித்தது.

"என்னங்க."

"சொல்லு."

"டீ குடிச்சீங்களா?"

"இல்ல. குடிக்கணும்."

"வெயில் தணிஞ்சிருச்சா?"

"தணிஞ்சிருச்சு."

தையல் மெஷின் சக்கரம் உருளும் சத்தம். பிறகு, "இன்னிக்கு எறக்கிட மாட்டாங்கல்ல?"

அவன் டோக்கனை இறுக்கிப் பிடித்தான். அதே கேள்வி, முன்பு கேட்டதேதான். மாட்டாங்கல்ல. சாப்பிட்டீங்களா, வெயிலா, டீயா, எல்லாம் இரண்டு நட்டு, மூன்று நட்டு. ஒரு மாதமாகத் தான்தான் அவளுக்குக் கட்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தான். அவளும் போட்டுக்கொண்டிருந்தாள். தனக்குப் பிடித்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இவன் பெரிதாக எதையும் தள்ளிவிடக் கூடாதே என்று. தள்ளினால் விட்டுவிடுவாள். வாசலில் போய் நின்று பையின் வாரைத் தொட்டாலே போதும். துணி அலமாரிக்குத் திரும்பிவிடும்.

தகர நிழலில் சோடாபுட்டி அந்த ராஜாவைச் சீட்டுக்கட்டிலிருந்து தேடி எடுத்துக் கையில் வைத்திருந்தான்.

"நான் வந்து நின்னா நீ பஸ் ஏறுவியா?" என்றான் கட்டை.

சக்கரம் நின்றது.

"என்ன திடீர்னு?"

"கேட்டதுக்குச் சொல்லு."

பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுவது போனில் கேட்டது. ஓடி நின்றது.

"மாட்டேன்" என்றாள். "உங்க மூஞ்சியைப் பாத்தா மாட்டேன். உங்களுக்கே தெரியும்."

"போகணும்னு இருக்கா?"

"இருக்கு." இதற்கு அவள் யோசிக்கவே இல்லை.

அந்த வேகம் அவனைக் கன்னத்தில் அறைந்தது. எதையாவது உதைக்க வேண்டும்போல இருந்தது. மரக்கட்டை கிட்டத்தில் இல்லை.

"சரி" என்றான். "இன்னிக்கு எறக்க மாட்டாங்களாம். நாளைக்கு மத்தியானந்தான்."

"பொய் சொல்றீங்க."

"ஆமா."

அவள் மூச்சு உடைந்து வந்தது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்கத் தெரியவில்லை. "கோவமா?"

"தெரியல. இருக்கும். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

"வேலை நேரத்துல போனை வாங்கி வச்சிடுவாங்களாம்."

"அப்ப முடிஞ்சு பண்ணு."

போனைச் சட்டைப்பையில் போட்டான். எடுத்தான். மறுபடி போட்டான். நேராகக் கொட்டகைக்குப் போய் டோக்கனைச் சோடாபுட்டியின் மடியில் எறிந்தான்.

"எந்திரி. வண்டியை எடு."

"என்னடா இது?"

"அந்த மூஞ்சியை நாளைக்கு மத்தியானம் வரைக்கும் என்னால பாத்துட்டு இருக்க முடியாது. வாயைத் திறக்காம போ."

"வாயைத் திறக்கத்தானே போறேன்" என்றான் சோடாபுட்டி. எழுந்தவன் நின்றான். "ஒண்ணு மட்டும் சொல்லு. ஏஸ் இருந்துச்சா?"

"ஏழு எட்டு."

சோடாபுட்டி கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்ல வாயெடுத்து, வலி தாங்காமல் பாதியிலேயே விழுங்கினான். அவன் வண்டி வரிசையை விட்டு விலகிக் கறுப்புப் புகையோடு மேலே ஏறியது. குமாஸ்தா டோக்கனை வாங்கிப் பார்த்தான், வண்டியைப் பார்க்கவில்லை. கதவு திறந்து மூடியது. ஹூட்டர் அடித்தது.

மச்சான் பின்சக்கரத்துப் பக்கத்திலிருந்து சாலை நடுவுக்கு வந்து நின்றான். "மாமா, அது நம்ம டோக்கன்."

"தெரியும்."

"அக்கா என்ன சொல்லுச்சு?"

"போறேன்னு சொல்லுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன். இன்னும் என்னடா வேணும் உனக்கு?"

மச்சானுக்கும் அவள் அக்காதான். விடியற்காலையில் வாசலில் அவனும் இருக்கப்போவதில்லை. திரும்பிப் போய்க் குனிந்து மரக்கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் இன்னும் இறுக்கிச் சொருகினான், உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

கட்டை சக்கரத்தின் அருகில் போனான். உதைப்பதற்குக் காலைத் தூக்கியவன் அப்படியே இறக்கிவிட்டான். டயரைத் தொட்டுப் பார்த்தான். கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். ஒரு முடிச்சைத் தேவையில்லாமல் அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். கேபினில் ஏறி உட்கார்ந்து, உடனே இறங்கினான். கொட்டகைக்கு வந்தான்.

ரேடியோ கீழே சிதறிய நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"சீட்டைக் குலுக்கு."

"எதுக்கு? டோக்கன்தான் போச்சே. எதை வச்சு ஆடறது?"

"எதையும் வைக்க வேணாம். குலுக்கு."

ரேடியோ அவன் முகத்தைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் சீட்டை எடுத்துக் குலுக்கினான். கட்டையின் முழங்கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது, நட்டுகள் குலுங்கின. இரண்டு சீட்டு வந்து முன்னால் விழுந்தன. அவன் அவற்றைத் திருப்பிப் பார்க்கவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் போன் இருக்கிறதா என்று பார்த்தான்.